ஓடும் திசையில் மட்டும்

திரையில் ஆறு
மைனஸ் மூன்று பாகையில் ஓடிக்கொண்டிருக்கிறது.
உறையவில்லை. அதற்குக் கூச்சமும் இல்லை.
பக்கத்துக் கண்ணியில் பன்னிரண்டு,
அதற்கடுத்ததில் மைனஸ் ஒன்று,
மறுபடி பத்து.
காகித ஆலை திறந்துவிடுவதே ஒன்பது பாகை நீர்தான்.
மேற்படி மூன்றை யார் காய்ச்சினார்கள் என்று
இரவு பதினொன்றரைக்கு
ஒரு சமன்பாட்டை அதட்டிக்கொண்டிருக்கிறேன்.

வெளியே பொத்னியா வளைகுடா
ஒழுங்காக உறைந்து கிடக்கிறது.

கோளாறு ஆற்றில் இல்லை.
நாற்பது மீட்டருக்கு ஒரு முக்கோணம் என்று
வலை பின்னியவள் நான்.
வெப்பம் தானாகக் கசிந்து பரவுவது எறும்பு நடை;
அதைக் கவ்விக்கொண்டு ஓடும் நீரோ ஓநாய்.
இரண்டுக்கும் உள்ள விகிதத்துக்குப் பெக்லே எண் என்று பேர்.
ஒன்றைத் தாண்டினால் வலை உதறத் தொடங்கும்.
என்னுடையது நாலாயிரம்.

பொடிப்பொடிக் கண்ணிகளாகப் பின்னலாம்தான்.
கணினி ஒன்பது நாள் கேட்கிறது.
வியாழக்கிழமை பனிச்சாலை திறந்தாக வேண்டும்.
வாஸ்காரித் தீவில் எண்பது பேர்,
ஒரு பள்ளி வண்டி, ரொட்டி லாரி,
மாதம் நெருங்கிய ஒருத்தி.

ஆகவே பொய் சேர்க்கிறோம்.
செயற்கைப் பரவல் என்று
தொழிலில் அதற்கு மரியாதையான பெயர்.
முதலில் எல்லாத் திசையிலும் கொட்டிப் பார்த்தேன்.
ஆட்டம் நின்றது.
ஆலையும் நின்றுவிட்டது போலிருந்தது.
வளைகுடா முழுக்க வெதுவெதுவென்று ஒரே மஞ்சள்,
ஆறிப்போன கஞ்சி.
எங்கும் ஆபத்தில்லை. எங்கும் உண்மையுமில்லை.

அழித்தேன்.
நீர் ஓடும் திசையில் மட்டும் ஒரு சிட்டிகை.
குறுக்கே கிடையாது.
சமன்பாடு எந்த இடத்தில் எவ்வளவு மீறப்படுகிறதோ
அங்கே அவ்வளவு பொய்;
கணக்கு நேரான இடத்தில்
அது தானே பூஜ்யமாகிவிடும்.
மனிதர்களிடம் இப்படியொரு பொய்யை
நான் பார்த்ததில்லை.

வெந்நீர் ஒரு நாக்காக நீண்டது.
ஒல்லியாக, வடமேற்காக, தீவை நோக்கி.
இடது விளிம்பில் மட்டும்
ஏழெட்டு நீலப் புள்ளிகள்:
மைனஸ் பூஜ்யம் புள்ளி இரண்டு.

காலையில் ஹன்னெலே குனிந்து பார்த்தாள்.
"நகராட்சியில் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.
குறுக்கேயும் கொஞ்சம் தடவிவிடேன், தைமி."
"தடவினால் போய்விடும்."
"அதைத்தானே சொல்கிறேன்."
காபி ஆறியது.
அவள் சொன்னது தவறென்று சொல்ல
என்னிடம் காரணம் இல்லை;
புள்ளிகளை அழிக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான்.
அறிக்கையின் ஓரத்தில் எழுதினேன்:
இங்கே துளையிட்டுப் பார்க்கவும்.

ஓஸ்மோ ஐந்து துளை போட்டான்.
நாற்பத்தொன்று. நாற்பத்து மூன்று. நாற்பது.
நான்காவது, நாக்கின் நடுவே, ஐந்து;
இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தவழ்ந்து போனான்.
எல்லாம் நான் சொன்ன எண்களுக்கு அருகில்தான்.
புள்ளிகள் இருந்த இடத்துக்கு
முப்பத்தாறு என்று சொல்லியிருந்தேன்.
துளைப்பான் இரண்டு சுற்றில் பொத்தென்று இறங்கிவிட்டது.
பதினொன்று.

தொலைபேசியில் கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது.
"இங்கே தண்ணீருக்கு அவசரம்," என்றான் பிறகு.

ஒரே முக்கோணத்துக்குள்
ஒன்பது பாகையும் பூஜ்யமும்
தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன.
வலைக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை.
நடுங்க மட்டும் தெரிந்திருக்கிறது.

சாலையை இருநூறு மீட்டர் கிழக்கே தள்ளினார்கள்.
பனியில் நட்ட தளிர்க்கொம்புகளை
ஒவ்வொன்றாகப் பிடுங்கி
ஓஸ்மோவும் அவன் மருமகளும் மறுபடி நட்டார்கள்.
வியாழன் தவறி வெள்ளியாயிற்று.
ரொட்டி ஒரு நாள் பழசு.

ஹன்னெலே அதைப் பற்றிப் பேசவில்லை.
ஆனால் திங்களன்று என் மேசைக்கு வந்து,
குறுக்குப் பரவலுக்கான அந்த ஒரு வரி
இன்னும் முடக்கப்பட்டுத்தான் இருக்கிறதா என்று கேட்டாள்.
இருக்கிறது.
அந்த விளிம்பில்
இப்போது பத்து மீட்டருக்கு ஒரு கண்ணி பின்னுகிறேன்.
இன்னும் ஆடுகிறது,
கொஞ்சம்.